மலிவாக வாங்கி விலைக்கு விற்பது: எது உழைப்பு, எது பறிப்பு?

இந்த இதழின் வாழ்க்கைப் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது எல்லார் வீட்டிலும் உள்ள ஒரு விஷயம். அதுதான் பழைய சாமான்.

உங்கள் காம்பராவை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அந்த அலுமாரி, கிளாக்கர் ஐயா ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விற்றதாக இருக்கும். கட்டில் லயத்துக்கு லயம் கைமாறி வந்திருக்கும். பிள்ளை போட்டிருக்கிற ஸ்வெட்டர் நுவரெலியா பேல் கடையில் வாங்கியது. எல்லாவற்றையும் புதிதாக வாங்கி வாழுகிற வசதி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? ஒருவர் பாவித்த சாமானை இன்னொருவர் வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நல்ல சாமான் குப்பைக்குப் போகாமல் இருக்கிறது, நம் கையிலும் நாலு காசு மிஞ்சுகிறது.

கேள்வி அதற்கு அடுத்த படியில்தான் வருகிறது. மலிவாகக் கிடைத்ததை வாங்கி, இன்னோரிடத்தில் கூடின விலைக்கு விற்கலாமா? இப்போது நம் இளம் பிள்ளைகள் சிலர் இதை ஒரு தொழிலாகவே செய்கிறார்கள். லயங்களில் வாங்கி டவுனில் விற்கிறார்கள். போனில் படம் எடுத்துப் போட்டு, கொழும்பில் இருக்கிறவருக்கே விற்றுவிடுகிறார்கள். "கெட்டிக்காரப் பய" என்கிறார் ஒருவர். "அடுத்தவன் வயித்துல அடிக்கிறான்" என்கிறார் மற்றவர். இரண்டு பேரும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இதில் யார் சொல்வது சரி என்று சும்மா வாய்ப்பேச்சில் தீர்க்க முடியாது. கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

லாபம் எங்கேயிருந்து வந்தது?

முதலில் ஒரு நேர்மையான கணக்கு. ஒரு பெண் டவுனில் பேல் உடுப்பு வாங்கி வந்து தோட்டத்தில் விற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 20 குளிர்ச்சட்டை மொத்தமாக எடுக்கிறாள். ஒன்று 300 ரூபாவாக 6,000 ரூபா. பஸ் காசு, சவர்க்காரம், நூல், பொத்தான், சிப்பு எல்லாம் சேர்த்து 1,600. பிரித்துப் பார்த்தால் நாலு சட்டை உதவாது. ஒன்றில் கக்கம் கிழிந்திருக்கிறது, ஒன்றில் எண்ணெய்க் கறை, மற்ற இரண்டும் பூச்சி அரித்தவை. மிச்சம் 16 சட்டையைத் துவைத்து, காயவைத்து, தைத்து, வீடு வீடாகக் கொண்டுபோய் 650 ரூபாவுக்கு விற்றால் 10,400. செலவு போக அவள் கையில் நிற்பது 2,800 ரூபா. இதற்கு ஐந்து நாள் ஆகியிருக்கிறது. நாளுக்கு 560 ரூபா. மலைக்குப் போய் ஒரு பேர் போட்டிருந்தால்கூட இதைவிடக் கூட வந்திருக்கும்.

"300க்கு வாங்கி 650க்கு விக்கிறா, இரட்டிப்புக்கு மேல லாபம்" என்று தண்ணிப் பீலியடியில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. வாங்கின விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் இருப்பதெல்லாம் லாபம் அல்ல. அதற்குள்ளே அவளுடைய நடை, கை வேலை, உதவாமல் போன நாலு சட்டையின் நட்டம் எல்லாம் இருக்கின்றன. அவளிடம் வாங்குகிறவருக்கும் நன்மைதான். ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, பஸ் ஏறி டவுனுக்குப் போகாமல், வாசலிலேயே போட்டுப் பார்த்து வாங்குகிறார். பேல் கடைக்காரருக்கும் நட்டமில்லை. அவர் விலை தெரிந்துதான் விற்றார். இந்த வியாபாரத்தில் குறை சொல்ல நமக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவளைப் பார்த்துப் பொறாமைப்படுவதை விட்டு, சோம்பல்படாமல் நாமும் இப்படி ஒன்றைச் செய்யலாம்.

இருபத்தைந்தாம் திகதி மெசின்

இனி வேறொரு கணக்கு. இது எந்தத் தோட்டத்திலும் நடக்கக்கூடியது. ஆளைத் தேட வேண்டாம், ஓர் உதாரணமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் பத்தாம் திகதி. இருபதாம் திகதிக்குப் பிறகு லயத்தில் யார் கையிலும் காசு இருக்காது என்பது நமக்குத் தெரிந்ததுதான். அந்த நேரம் பார்த்து மேல் லயத்து அக்காவின் வீட்டுக்காரருக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது. கண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். அக்கா தையல் மெசினை விற்பதாகச் சொல்லியனுப்புகிறாள். கீழ் லயத்துத் தம்பி வருகிறான்.

"என்னாக்கா, மெசினக் குடுக்கப் போறீங்களாம்ல?"

"ஆமா தம்பி. வெள்ளனயே வண்டி புடிக்கணும். காசு இன்னிக்கே வேணும்டா."

"பழசாச்சேக்கா. பெல்ட்டும் போயிருச்சு. அஞ்சு தாரேன்."

"அம்மா குடுத்த மெசின் தம்பி…"

"அதுக்கு மேல என்னால முடியாதுக்கா."

அக்கா 5,000 ரூபாவை வாங்கிக்கொண்டு போகிறாள். தம்பி வண்டிக்கு 1,500, பெல்ட், எண்ணெய், பொலிஷ் என்று 1,000 செலவழிக்கிறான். பத்து நாளில் ஹட்டனில் 18,000 ரூபாவுக்கு விற்கிறான். செலவெல்லாம் போக 10,500 மிச்சம். அவன் வேலை செய்தது இரண்டு நாள். நாளுக்கு 2,000 என்று தாராளமாகவே போடுவோம், 4,000. அப்படியானால் மீதி 6,500 எங்கேயிருந்து வந்தது?

அது மெசினில் இருந்து வரவில்லை. அவன் கை வேலையில் இருந்தும் வரவில்லை. அந்த இருபத்தைந்தாம் திகதி ராத்திரியில் இருந்து வந்தது. அக்காவுக்கு ஒரு கிழமை தவணை இருந்திருந்தால், அல்லது இன்னொருவர் கையில் காசு இருந்திருந்தால், அந்த 6,500இல் பெரும்பகுதி அவளிடமே இருந்திருக்கும்.

தம்பியின் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். "நான் வாங்காட்டி அவங்களுக்கு அந்த அஞ்சும் இல்ல. டவுன் கடைக்காரன் மூணுதான் குடுத்திருப்பான். நானா கட்டாயப்படுத்தினேன்?" என்று அவன் கேட்பான். இது வெறும் சாட்டு அல்ல. கஷ்ட நேரத்தில் காசோடு வந்து நின்றவன் அவன்தான். "உன் காசே வேண்டாம்" என்று அவனை விரட்டிவிட்டால் அக்காவின் வீட்டுக்காரர் எப்படிக் கண்டிக்குப் போவார்? ஆகையால் அவன் வாங்கியதை நாம் பிழை என்று சொல்லவில்லை. விலையைத்தான் பார்க்கிறோம். அவன் 11,000 கொடுத்திருந்தாலும் 18,000க்கு விற்றபின், செலவு 2,500 போக, 4,500 கையில் நின்றிருக்கும். அது அவனுடைய இரண்டு நாள் வேலைக்குத் தாராளமாகக் காணும். அவனால் முடிந்தது, அவன் செய்யவில்லை. அவள் தலையில் இருந்த பாரம் அவனுக்குத் தெரியும். தெரிந்தே அதை வைத்து விலை பேசினான்.

அவன் கையில் அன்றைக்கு 5,000தான் இருந்தது என்றால்? அதற்கும் வழி உண்டு. "இப்ப அஞ்சு வச்சுக்கங்க அக்கா, வித்தாப்புறம் மிச்சத்தப் பாத்துத் தாரேன்" என்று சொல்லலாம். அல்லது மெசினைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, சம்பளம் வரும்வரை தவணை கொடுக்கலாம். திருப்ப முடிந்தால் அவள் திருப்பிக்கொள்வாள். (அதற்கு மாதவட்டி போட்டால் அது அடகுக்கடையாகிவிடும், அந்தக் கதை வேறு.) உறவுமுறை சொல்லி அழைக்கிற இடத்தில் இதெல்லாம் பெரிய தர்மம் அல்ல. "அக்கா" என்று கூப்பிட்ட வாய்க்குக் கொடுக்கிற மரியாதை.

கப்பலேறிய காலத்து விலை

இந்தப் பாடம் நம் சமூகத்துக்குப் புதியதல்ல. பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1964 ஒக்டோபரில் ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கொடுப்பது என்று அதில் முடிவாயிற்று. விடுபட்ட 150,000 பேரை 1974இல் இரண்டு நாடும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அப்புறம் லயம் லயமாகக் குடும்பங்கள் புறப்பட்டன. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போனார்கள். 1984இல் அந்தக் கப்பல் ஓட்டம் நின்றது.

போகிற குடும்பத்துக்குப் பயணத் திகதி குறித்தாகிவிட்டது. பசு மாட்டையோ, கோழிக்கூட்டையோ, அம்மியையோ, ஆட்டுக்கல்லையோ கப்பலில் ஏற்ற முடியாது. அண்டா, குத்துவிளக்கு, கட்டில், மேசை என்று பலதும் போகிற விலைக்குப் போயின. வாங்க வந்தவர்களுக்கு அந்தத் திகதி தெரியும். திகதி நெருங்க நெருங்க விலை இறங்கும். கடைசி நாள்வரை காத்திருந்து வாங்கினவர்களும் உண்டு. நல்ல விலை கொடுத்து, கூடவே வழிச்செலவுக்கு ஒரு தொகையும் கையில் வைத்து அனுப்பினவர்களும் உண்டு. இரண்டு விதமானவர்களும் நம் ஆட்களிலும் இருந்தார்கள், வெளியாட்களிலும் இருந்தார்கள். யார் எந்த வகை என்று அந்தந்தத் தோட்டத்துப் பழைய ஆட்களுக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

2022இல் நாடு முழுவதும் விலைவாசி ஏறியபோதும் இதேபோல ஒரு காலத்தைப் பார்த்தோம். அந்த வருடம் ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்குப் போனது. அப்படிப்பட்ட மாதத்தில் தோட்டையும் மூக்குத்தியையும் விற்க வருகிறவர் ஆசைக்காக விற்க வரவில்லை. வாங்குகிறவர் அதைத் தெரிந்துகொண்டுதான் விலை சொல்ல வேண்டும்.

பித்தளையா, பொன்னா?

கஷ்டம் ஒன்றும் இல்லை, விற்கிறவருக்கு விலை தெரியவில்லை, அவ்வளவுதான் என்றால்? இதுதான் எல்லாவற்றிலும் சிக்கலான கேள்வி. இதை நம் காலத்தில் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ரோம் நாட்டில் சிசரோ என்ற அறிஞர் கி.மு. 44இல் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதிலே ஒரு கேள்வி வருகிறது. ஒருவன் தன்னிடம் உள்ளது பித்தளை என்று நினைத்து விற்க வருகிறான். உண்மையில் அது பொன். நல்ல மனிதன் ஒருவன் வாங்க வந்தால், அது பொன் என்று சொல்ல வேண்டுமா, அல்லது ஆயிரம் காசு பெறுமதியானதை ஒரு காசுக்கு வாங்கிக்கொண்டு பேசாமல் போகலாமா? அவருக்கு முன்னிருந்த இரண்டு ஆசிரியர்கள் இப்படிப்பட்ட கேள்விகளில் மோதிக்கொண்டார்கள் என்றும் அவர் எழுதுகிறார். எல்லாவற்றையும் வாய்திறந்து சொல்ல வேண்டிய கடமை வியாபாரிக்கு இல்லை என்பது ஒருவர் கட்சி. தன் லாபத்துக்காக அடுத்தவரிடம் மறைக்கக் கூடாது என்பது மற்றவர் கட்சி. சிசரோ இரண்டாவது பக்கம்தான் சாய்ந்தார்.

நம் லயத்தில் இதே கேள்வி வேறு வேஷத்தில் வருகிறது. பகல் பத்து மணி. எல்லாரும் மலையில். வீட்டில் பாட்டியும் கைப்பிள்ளையும்தான். "பழைய பாத்திரம் இருக்கா பாட்டி? புதுசு தாரேன்" என்று ஒருவர் வருகிறார். நாலு பேர் சேர்ந்து தூக்கின பழைய பித்தளை அண்டாவை எடுத்துக்கொண்டு, பளபள என்று ஓர் அலுமினியச் சட்டியும் இரண்டு பிளாஸ்டிக் வாளியும் கொடுத்துவிட்டுப் போகிறார். பாட்டிக்குச் சந்தோஷம்தான், பாரம் குறைந்தது. சாயந்தரம் மகள் வந்து தலையில் அடித்துக்கொள்கிறாள். பழைய பித்தளை எடைக்குப் போனாலே அந்த வாளிகளைவிட எவ்வளவோ கூடுதலாகப் பெறும். வேலைப்பாடுள்ள பழைய விளக்காக இருந்தால், பழம்பொருள் வாங்குகிற ஆட்கள் எடையைப் பார்க்காமலே விலை பேசுவார்கள்.

இஸ்லாமிய மார்க்கத்தில் இதற்கென்றே ஒரு விதி உண்டு. அந்தக் காலத்தில் சரக்கோடு ஒட்டகக் கூட்டம் நகரத்துக்கு வரும். சந்தைக்கு வந்து சேரும் முன்பே வழியில் போய் மறித்து, நகரத்து விலை தெரியாதவர்களிடம் மலிவாக வாங்குவதை நபிகள் நாயகம் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தபின் அந்த வியாபாரத்தை முறிக்கவும் உரிமை உண்டு என்றார்கள். யோசித்துப் பாருங்கள், லயத்து வாசலும் அந்த வழிப்பாதை மாதிரித்தான். பாட்டி சந்தைக்கு வரவில்லை. சந்தைதான் அவளை வழிமறித்து வந்திருக்கிறது.

அப்படியென்றால் தெரிந்தவன் தன் அறிவால் சம்பாதிக்கவே கூடாதா? கூடும். ஒருவர் பத்து வருடம் ரேடியோ திருத்திப் பழகியவர். டவுனில் பழைய சாமான் கடையில் ஊமையாகக் கிடக்கிற ரேடியோவைப் பார்த்ததும் "இதில் ஒரு சாமான்தான் போயிருக்கிறது" என்று கண்டுபிடிக்கிறார். 500 ரூபாவுக்கு வாங்கித் திருத்தி 3,000க்கு விற்கிறார். கடைக்காரரும் விற்பதையே தொழிலாகக் கொண்டவர்தான். பார்த்து விலை போட அவருக்கு நேரமும் வழியும் இருந்தன. இங்கே அறிவு என்பது உழைத்துச் சம்பாதித்த அறிவு, எதிரே நிற்பவரும் சம பலம் உள்ளவர். இதில் அந்த ரேடியோக்காரர் கடைக்காரருக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை என்பது நம் எண்ணம். சிசரோ ஐயா இதற்குக்கூட ஒத்துக்கொள்ள மாட்டாரோ என்னவோ. ஆனால் அதே ரேடியோக்காரரை நம்பி, "நீங்களே பாத்து ஒரு விலை சொல்லுங்கண்ணே" என்று பக்கத்துக் காம்பராக்காரர் கொண்டுவந்து கொடுத்தால் கதை மாறிவிடுகிறது. அங்கே அவர் வாங்குகிறவர் மட்டுமல்ல, ஆலோசனை சொல்கிறவரும் ஆகிவிட்டார். அண்ணன் என்று நம்பிக் கேட்டவரிடம் பாதி உண்மை சொல்வது களவுக்குப் பக்கத்து வீடு.

வாங்கும்போது நொட்டை, விற்கும்போது புகழ்ச்சி

இது நம் எல்லாரிடமும் உள்ள பழக்கம். வாங்கும்போது "துருப்புடிச்சது, ஓட்டை, யாரு இத வாங்குவா" என்போம். அதே சாமானை விற்கும்போது "அந்தக் காலத்து இரும்பு, அசைக்க முடியாது" என்போம். விவிலியத்தில் நீதிமொழிகள் நூல் இப்படி வாங்குகிறவனைக் கேலி செய்கிறது. சாமானைக் குறைசொல்லி வாங்கிவிட்டு, அப்பால் போனதும் தன் சமர்த்தைத் தானே மெச்சிக்கொள்வானாம். பிறர் பொருளையும் தன் பொருள்போல எண்ணிச் செய்வதே வாணிகம் என்று திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரமும் சொல்கிறது.

பேரம் பேசுவதையே நாம் தப்பு என்று சொல்லவில்லை. பேரம் இல்லாத சந்தை உப்பில்லாத கஞ்சி. உள்ள குறையைச் சொல்லி விலை குறைக்கலாம். இல்லாத குறையைச் சொல்லக் கூடாது. தம்பி "பெல்ட் போயிருச்சு" என்றது உண்மை. ஆனால் பெல்ட்டின் விலை என்ன என்று அவன் அக்காவிடம் சொல்லவில்லை.

ஏழைக்கென்று குறைத்த விலை

கோயிலிலோ, மாதா கோயிலிலோ, பாடசாலையிலோ சில வேளை பழைய உடுப்பு விற்பனை வைப்பார்கள். டவுனில் வசதியானவர்கள் கொடுத்ததைத் துவைத்து மடித்து, பிள்ளை ஸ்வெட்டர் 50 ரூபா என்று போடுவார்கள். சும்மாவே கொடுத்திருக்கலாமே, ஏன் 50 ரூபா? பிச்சை வாங்கினோம் என்ற எண்ணம் யாருக்கும் வரக்கூடாது என்பதற்காக. காசு கொடுத்து வாங்கினால் தாயும் தலை நிமிர்ந்து போவாள், பிள்ளையும் கூசாமல் போடும்.

அங்கே காலை ஏழு மணிக்கே ஒருவர் இரண்டு சாக்கோடு வந்து, நல்ல ஸ்வெட்டராகப் பொறுக்கி 40 உருப்படியை அள்ளிக்கொண்டு போகிறார் என்று வையுங்கள். 2,000 ரூபா காசை எண்ணிக் கொடுத்துத்தான் எடுக்கிறார். சட்டப்படி குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் பெரட்டு முடிந்து, அரை நாள் லீவு கேட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவருகிற தாய்க்கு அங்கே மிஞ்சியிருப்பது நிறம் போன துணிதான். பிறகு அதே ஸ்வெட்டரை அவள் அவரிடமே 300 ரூபாவுக்கு வாங்குவாள். நடுவிலே போன 250 ரூபா, கொடுத்தவர் அந்தத் தாய்க்கென்று விட்டுக்கொடுத்த காசு. சாக்குக்காரர் அதைத்தான் எடுத்துக்கொண்டார்.

பேல் உடுப்பு விற்கிற பெண்ணுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். பேல் கடைக்காரர் யாருக்கும் விட்டுக்கொடுத்து விலை போடவில்லை. அது சந்தை விலை. இங்கே விலையைக் குறைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் சாக்குக்காரர் அல்ல. ஆனால் சாயந்தரம் நாலு மணிவரை காத்திருந்து, வந்தவர்கள் எல்லாரும் எடுத்தபிறகு மீதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனால் அவரையும் நாம் குறைசொல்ல மாட்டோம். விற்பனை நடத்துகிறவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஒரு வீட்டுக்கு இத்தனை உருப்படி என்று முதலிலேயே எழுதிப் போடலாம். மலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை இருக்கும்போது வெள்ளிக்கிழமை காலையில் விற்பனை வைத்துவிட்டு, சாக்குக்காரரை ஏசி என்ன பயன்?

நிவாரணச் சாமானுக்கு இதைவிடக் கண்டிப்பு வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபோது, நாட்டின் எல்லாப் பக்கத்திலும் இருந்து இனம் மதம் பார்க்காமல் சாப்பாடும் உடுப்பும் அனுப்பினார்கள். அப்படி ஓர் ஆபத்தில் நமக்குக் கிடைத்த உடுப்பு அளவில்லாமல் போனால், அளவானவருக்குக் கொடுத்துவிடலாம். விற்பதற்கென்றே இரண்டு பேர் பதிந்து வாங்குவது, உண்மையில் வீடிழந்தவரின் பங்கில் கைவைப்பதாகும்.

சட்டம் சொல்கிற இரண்டு விஷயம்

ஒன்று, காரணமில்லாத மலிவு. டவுனில் விற்கிற விலையில் காலே அரைக்கால் விலைக்கு ஒருவர் செம்புக் கம்பி, மெசின் பாகம், தண்ணிக் குழாய் என்று கொண்டுவந்தால், அது எங்கேயிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். களவுச் சாமான் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருப்பதும் குற்றம். தையல் மெசின், டீவி, போன் மாதிரியான சாமான் என்றால் விற்கிறவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி, விலை எல்லாம் எழுதி ஒரு துண்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நல்லவர் யாரும் அதற்குக் கோபிக்க மாட்டார்.

மற்றது காணி, வீடு பற்றியது. காணியோ வீடோ அதன் உண்மையான பெறுமதியில் பாதிக்கும் குறைவான விலைக்கு, பெறுமதி தெரியாமல் விற்கப்பட்டால், அந்த விற்பனையை முறிக்கக் கேட்டு நீதிமன்றம் போக இலங்கையில் வழியுண்டு. ரோமர் காலத்தில் பிறந்து, ஒல்லாந்தர் வழியாக நமக்கு வந்த விதி இது. பெறுமதி தெரிந்தே விற்றவருக்கு இது உதவாது. தையல் மெசினுக்கும் அண்டாவுக்கும் இதை நம்ப வேண்டாம். ஆனால் இப்போது உறுதியோடு வீட்டுக்காணி கிடைத்திருக்கிற குடும்பங்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். அவசரத்தில் யாருக்கும் கையெழுத்து வைக்கும் முன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

விற்கிறவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். முடிந்தால் கேட்ட அன்றைக்கே விற்காதீர்கள். ஒரு ராத்திரி போகட்டும். பெரிய சாமான் என்றால் மூன்று பேரிடம் விலை கேளுங்கள். அதில் ஒருவர் தோட்டத்துக்கு வெளியில் உள்ளவராக இருக்கட்டும். பிள்ளைகள் கையில் போன் இருக்கிறதே, பாட்டுக் கேட்க மட்டுமா அது? இதே மாதிரிச் சாமான் டவுனில் என்ன விலைக்குப் போகிறது என்று அவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பித்தளை, செம்பு என்றால் கடைத் தராசில் நிறுத்தபிறகு விலை பேசுங்கள். வீட்டில் இருக்கிற பாட்டி, தாத்தாவிடம் "பிள்ளைக வந்தாப்புறம் வாங்க" என்று சொல்லப் பழக்கி வையுங்கள். பாவம், அவர்களை ஏசிப் பயனில்லை.

கூடிப் பேசுவதற்கு

அடுத்த மாதர் கூட்டத்திலோ இளைஞர் கூட்டத்திலோ பேசிப் பார்க்க இரண்டு கேள்விகள்.

யூதர்களிடையே வழங்கும் பழைய கதை ஒன்று உண்டு. ஷிமோன் பென் ஷெட்டாக் என்ற குருவுக்கு அவருடைய மாணவர்கள் ஓர் அரபியரிடம் கழுதை ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். பார்த்தால் கழுதையின் மேல் ஒரு ரத்தினம் தொங்கிக்கொண்டிருந்தது. மாணவர்களுக்கு ஒரே குதூகலம், இனி நம் குருவுக்குக் கஷ்டமில்லை என்று. குருவோ, விற்றவருக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றார்கள். கழுதைக்குத்தான் விலை கொடுத்தோம் என்று சொல்லி ரத்தினத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். இப்போது நம் கேள்வி. ஓய்வுபெற்று ஊரைவிட்டுப் போகிற ஒரு குடும்பத்திடம் 1,000 ரூபாவுக்குப் பழைய ட்ரங்குப் பெட்டி வாங்குகிறீர்கள். அடிக்காகிதத்துக்குக் கீழே ஒரு சோடித் தோடு இருக்கிறது. அவர்கள் போய்ச் சேர்ந்த விலாசம் உங்களுக்குத் தெரியாது, ஆனால் தேடினால் கிடைக்கலாம். எவ்வளவு தூரம் தேட வேண்டும்? தேடுகிற செலவை யார் கொடுப்பது? தோடு இல்லாமல், பெட்டியே பழம்பொருள் என்று 20,000 ரூபாவுக்குப் போனால் உங்கள் பதில் மாறுமா?

மற்றக் கேள்வி அக்காவைப் பற்றியது. வீட்டுக்காரர் குணமாகி வந்துவிட்டார். மெசின் 18,000க்குப் போன செய்தி அவள் காதுக்கு எட்டிவிட்டது. தம்பி தண்ணிப் பீலியடியில் எதிரே வருகிறான். அவள் என்ன கேட்கலாம், அவன் என்ன செய்யலாம்? இருவரும் பேசாமலே போய்விட்டால், தலைவரோ மாதர் சங்கமோ நடுவில் வரலாமா? உங்கள் கூட்டத்தில் பேசி முடித்ததை, வாதம் இரண்டு பக்கத்தையும் சேர்த்து, எழுதி அனுப்புங்கள். இடமிருக்கிற அளவுக்கு அடுத்த இதழில் போடுகிறோம்.